பழைய வீதிக்குள் இரண்டு புதிய வரிசை வீடுகள்: புதுச்சேரித் தமிழ்ப் பகுதிக்கான வடிவமைப்பு வழிகாட்டி

புதுச்சேரியின் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்ப் பகுதியில் வீடுகள் தனித்தனியாக நிற்பதில்லை. ஒன்றின் சுவர் அடுத்ததன் சுவராகவும், ஒன்றின் தாழ்வாரம் அடுத்ததன் தாழ்வாரமாகவும் தொடர்ந்து செல்ல, வீதி முழுவதுமே ஒரே கட்டடம்போல் அமைந்திருக்கிறது. இந்த வரிசையில் ஒரு பழைய வீடு இடிந்தோ இடிக்கப்பட்டோ காலி மனையாகும்போது, அது பெரும்பாலும் வாரிசுகளுக்குள் பிரிக்கப்பட்டு, இரண்டு குறுகிய மனைகளாகி, அவற்றில் வீதியோடு பொருந்தாத இரண்டு பெட்டிகள் எழும்புகின்றன. அப்படி ஆகாமல், அதே மனையில் இரண்டு குடும்பங்கள் வசதியாக வாழக்கூடிய, வீதியின் ஒழுங்கைக் குலைக்காத இரண்டு வரிசை வீடுகளை வடிவமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாக 36 அடி அகலமும் 110 அடி நீளமும் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்கிறேன். பிரித்தால் ஆளுக்கு 18 அடி அகலம் கிடைக்கும். கிழக்கு மேற்காக ஓடும் ஒரு வீதியின் மேல் மனை அமைந்திருப்பதாகக் கொள்வோம். வைசியாள் வீதி, ஈஸ்வரன் கோயில் வீதி போன்றவை ஏறக்குறைய அந்தத் திசையில் ஓடுபவை.

என் கருத்தில், இத்தகைய மனையில் வடிவமைப்பு எத்தனை படுக்கையறை வேண்டும் என்ற பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது. பக்கவாட்டுச் சுவர்களிலிருந்தும் முற்றத்திலிருந்தும் தொடங்க வேண்டும். அகலம் உங்களுக்குக் குறைவு. ஆழமோ தாராளமாக இருக்கிறது. ஆழத்தை வெளிச்சமும் காற்றும் உள்ள இடமாக மாற்றுவதே இங்கே செய்ய வேண்டிய வேலை.

வரைவதற்கு முன் அளக்க வேண்டியவை

முதலில் உங்கள் மனையை மட்டுமின்றி, இருபுறமும் குறைந்தது மூன்று வீடுகளையாவது சேர்த்து வீதியின் முகப்பு வரைபடம் ஒன்றைத் தயாரியுங்கள். திண்ணையின் உயரம், வெளித்தாழ்வாரத்தின் ஓட்டுச் சரிவு முடியும் விளிம்பின் உயரம், தூண்களுக்கு இடைப்பட்ட தூரம், சுவரின் மேல் ஓடும் கார்னிஸ் கோட்டின் மட்டம், கைப்பிடிச் சுவரின் உயரம், சன்னல்களின் அகலமும் உயரமும் ஆகிய அனைத்தையும் நாடாவைப் பிடித்தே அளக்க வேண்டும். புகைப்படத்திலிருந்து ஊகித்த அளவுகள் கட்டுமானத்தின்போது கைகொடுக்காது. தமிழ்ப் பகுதியில் தரைத்தளம் திண்ணையும் மரத்தூணும் ஓட்டுத் தாழ்வாரமுமாகவும், மேல்தளம் வளைவு சன்னல்களும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களுமாகப் பிரெஞ்சுச் சாயலிலும் இருக்கும் வீடுகள் ஏராளம். உங்கள் இரு பக்கத்து வீடுகளும் எந்த வகை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பத்திரங்களைப் பாருங்கள். பழைய பத்திரங்கள் பல, நோத்தேர் எனப்படும் பத்திரப்பதிவு அலுவலர் பிரெஞ்சில் எழுதியவை. அவற்றைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பக்கவாட்டுச் சுவர் பொதுச் சுவரா, பக்கத்து வீட்டாருக்கே உரியதா, அவர்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் உங்கள் மனையில் விழுவதற்கு உரிமை உண்டா என்பவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அஸ்திவாரம் தோண்டியவர்கள் நீதிமன்றத்தில் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். உயரம், விடவேண்டிய காலியிடம், வாகன நிறுத்தம் ஆகியவற்றின் விதிகளைப் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். அக்கம்பக்கத்தில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் இருந்தால், வரைபடத்தை முடிப்பதற்கு முன்பே பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளையையும் கலந்துகொள்வது நல்லது. வைசியாள் வீதியில் அவர்கள் செய்த முகப்புச் சீரமைப்பு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது. வீதி முழுவதையும் ஒன்றாகக் கருதி வேலைசெய்தால் என்ன கிடைக்கும் என்பதை அங்கே நேரில் நடந்து பார்த்துவிட்டு வரைய உட்காருங்கள்.

பக்கத்துச் சுவரும் அஸ்திவாரமும்

பழைய வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. அவற்றின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமற்றது, கம்பி கிடையாது, அகலத்தையும் எடையையும் நம்பியே அவை நிற்கின்றன. நீங்கள் அதன் அடியை ஒட்டி ஐந்து ஆறு அடி ஆழத்துக்கு ஒரே மூச்சில் நீளமாகப் பள்ளம் தோண்டினால், அந்தச் சுவருக்கு அடியில் உள்ள மண் பள்ளத்துக்குள் சரிந்துவிடும். மழைக்காலமாக இருந்தால் ஆபத்து பல மடங்கு. நீண்ட நாள் நனைந்து ஊறிய சுண்ணாம்புச் சுவர் எவ்வளவு பலமிழக்கும் என்பதற்கு, 2014 நவம்பர் மாதப் பெருமழையில் கடற்கரைச் சாலையின் பழைய மேரி (நகராட்சி) கட்டடம் இடிந்து விழுந்ததை இந்த ஊரார் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே மூன்று ஏற்பாடுகள் அவசியம். முதலாவது, புதிய தூண்களின் பூட்டிங்கை, அதாவது தூணின் அடியில் பரப்பும் கான்கிரீட் பாதத்தை, பக்கத்துச் சுவரின் அடியில் வைக்காமல் சில அடி உள்ளே தள்ளி வைத்து, அங்கிருந்து அடித்தளத்து பீம்களை நீட்டி ஓரச் சுவரைத் தாங்கும்படி கட்டமைப்புப் பொறியாளரிடம் வடிவமைக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஓரத்தில் தோண்டியே ஆகவேண்டிய இடங்களில் நான்கைந்து அடி நீளத் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, ஒரு துண்டில் கான்கிரீட் போட்டு இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றாவது, இந்தத் தோண்டும் வேலையை ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைத் திறந்து போடுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

வேலை தொடங்கும் முன் இரு பக்கத்து வீடுகளின் உட்சுவர்களையும் அவர்கள் முன்னிலையில் புகைப்படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு பெரிய விரிசலின் குறுக்கேயும் சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுண்ணாம்புச் சாந்தால் பதித்துவிடச் சொல்லுங்கள். சுவர் மயிரிழை அளவு நகர்ந்தாலே கண்ணாடி உடைந்துவிடும். அன்றே வேலையை நிறுத்திப் பொறியாளரை அழைக்கலாம். செலவே இல்லாத இந்த ஏற்பாடு, பக்கத்து வீட்டாரின் பாதி அச்சத்தைப் போக்கிவிடும்.

புதிய வீட்டின் எந்த பீமும் எந்தத் தளமும் பக்கத்துச் சுவரின் மேல் உட்காரக் கூடாது. உங்கள் சுவரை நீங்கள் தனியே எழுப்பி, பழைய சுவருக்கும் புதியதற்கும் இடையே பொறியாளர் சொல்லும் இடைவெளியை விடுங்கள். அந்த இடைவெளியின் தலையை மூடுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சிமென்ட் சாந்தால் பூசி அடைத்தால், இரு கட்டடங்களும் வெவ்வேறு அளவில் அசையும்போது முதல் கோடையிலேயே பூச்சு வெடித்து, அடுத்த மழையில் தண்ணீர் இரு சுவர்களுக்கும் நடுவே இறங்கும். பிறகு அதை எடுக்க வழியே இல்லை. செம்புத் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ கவிழ்த்த ‘ப’ வடிவில் மடித்து, உங்கள் சுவரில் மட்டும் பொருத்தி, மறுபக்கம் பழைய சுவரின் மேல் சும்மா கவிந்திருக்குமாறு விட வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே இறுக்கப்பட்டிருப்பதால் தகடு அசைவுக்கு இடங்கொடுக்கும்.

உங்கள் இரண்டு புதிய வீடுகளுக்கு நடுவிலும் ஒரே சுவர் வேண்டாம் என்பது என் திடமான எண்ணம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தூண்கள், தனி 9 அங்குலச் சுவர், நடுவே ஓர் அங்குல இடைவெளி என்று அமைத்தால், பேச்சொலி கடக்காது. இருபது ஆண்டு கழித்து ஒருவர் தம் வீட்டை விற்றாலும் இடித்தாலும் மற்றவர் வீடு பாதிக்கப்படாது. இதற்காக இழக்கும் அகலம் மிகச் சிறிது: 18 அடியில் இருபுறமும் 9 அங்குலம் போக உள்ளே பதினாறரை அடி நிற்கும்.

முற்றத்தை அளவெடுப்பது

பக்கவாட்டுச் சுவரில் சன்னல் வைப்பதை முதல் நாளே மறந்துவிடுங்கள். பக்கத்து வீடு இன்று ஒரு தளமாக இருந்தாலும் நாளை அது உயரும். அன்று உங்கள் சன்னல் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் இந்தச் சுவரொட்டிய அமைப்பு பெரிய நன்மை ஒன்றையும் தருகிறது. வீதி கிழக்கு மேற்காக ஓடுவதால், உங்கள் நீண்ட பக்கச் சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்கியவை. வீட்டை மிகவும் சுடவைக்கும் காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கத்து வீடுகளால் தடுக்கப்பட்டுவிடுகின்றன. ஆக, வெளிச்சத்தை மேலிருந்து முற்றத்தின் வழியே மட்டும் இறக்கினால் போதும்.

எவ்வளவு பெரிய முற்றம்? 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறை, அறைகள் வெளிச்சத்துக்கு நம்பியிருக்கும் உட்திறப்பு குறைந்தது 3 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஏறக்குறைய 10 அடி. சன்னலிலிருந்து ஏழரை மீட்டருக்கு அப்பாலுள்ள இடம் வெளிச்சம் பெற்றதாகக் கொள்ளப்படாது என்றும், நம்முடையது போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில் திறப்புகளின் பரப்பு அறைத் தரையில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. 110 அடி ஆழத்துக்கு இந்த அளவுகளைப் பொருத்தினால் ஒரே முற்றம் போதாது. முன்னால் ஒரு பெரியதும் பின்னால் ஒரு சிறியதுமாக இரண்டு தேவை.

வீதியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் நான் பரிந்துரைக்கும் பகிர்வு இது. திண்ணையும் வெளித்தாழ்வாரமும் 8 அடி. முன்னறை 16 அடி. முற்றத்தைச் சுற்றிய கூடம் 30 அடி. சமையலும் உணவும் 16 அடி. பின் முற்றம் 12 அடி. பின்னறை 14 அடி. கொல்லை 14 அடி. கூடத்தின் 30 அடியில் நடுவே 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட முற்றம் அமையும். அதன் முன்னும் பின்னும் ஒன்பது ஒன்பது அடி நிழலான தாழ்வாரம். முற்றத்துக்குப் பக்கத்தில் எஞ்சும் ஆறரை அடியில், இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரை ஒட்டி 3 அடி அகலப் படிக்கட்டும், அதன் அருகே மூன்றரை அடி நடையும் வந்துவிடும். தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்றால், 7 அங்குல உயரமுள்ள 18 படிகள். 10 அங்குல மிதியோடு, நடுவே ஓர் இளைப்பாறு மேடையும் சேர்த்து, ஏறக்குறைய பதினாறேகால் அடி நீளத்தில் நேராக ஏறிவிடலாம். முற்றத்தின் வெளிச்சம் படிகளின் மேலேயே விழும்.

இப்போது வெயிலைக் கணக்கிட வேண்டும். இதைச் செய்யாமல் முற்றம் வைப்பதால்தான் பல புதிய வீடுகளில் அது பாசி படர்ந்த குழியாகிவிடுகிறது. புதுச்சேரி 12 பாகை வட அட்சக் கோட்டில் உள்ளது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே, தரையிலிருந்து சுமார் 54 பாகை உயரத்தில் நிற்கும். முற்றத்தின் தென் விளிம்பில் 21 அடி உயர இரண்டு தளச் சுவர் நேராக எழுந்தால், அதன் நிழல் 15 அடி நீளும்; 12 அடி முற்றத்தில் அந்த மாதம் முழுவதும் நண்பகல் வெயில் தரையைத் தொடாது. மழை முடிந்து ஈரம் உலர வேண்டிய மாதமும் அதுதான். ஆனால் தென்புறத்து 9 அடித் தாழ்வாரத்தின் மேல் தளம் எழுப்பாமல் விட்டு, மேல்மாடி அறையை அதற்கும் அப்பால் தொடங்கினால், மாடிச் சுவரின் நிழல் முற்றத்துக்குள் 6 அடி மட்டுமே வரும்; 11 அடி உயரத் தாழ்வார விளிம்பின் நிழல் ஏறக்குறைய 8 அடி வரும்; மிச்சம் 4 அடித் தரையில் நேர்வெயில் விழும். தாழ்வாரத்தின் மேலே கிடைக்கும் அந்த மொட்டைமாடித் துண்டு மேல்மாடி அறைக்குத் திறந்த வராந்தாவாகப் பயன்படும். வீட்டின் முகம் வடக்கானாலும் தெற்கானாலும் இந்தக் கணக்கு மாறாது. எந்தப் பக்கம் தெற்கோ அந்தப் பக்கத்து மேல்மாடியைப் பின்தள்ள வேண்டும்.

கோடையில் நிலைமை தலைகீழ். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். முற்றத்துத் தரை நேரடியாகக் காயும். இதற்காகக் கண்ணாடியையோ பாலிகார்பனேட் தகட்டையோ நிரந்தரமாகப் போட்டு முற்றத்தை மூடிவிடாதீர்கள். சூடான காற்று மேலே வெளியேறும் வழி அடைபட்டால் வீடு அடுப்பாகிவிடும். இழுத்து மடக்கக்கூடிய துணிப் பந்தலோ, கம்பிக் கட்டத்தின் மேல் படரவிட்ட கொடியோ போதும். திருட்டுக்கு அஞ்சுபவர்கள் இரும்புக் கம்பி வலையைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

வீதிக்குக் காட்டும் முகம்

திண்ணையையும் தாழ்வாரத்தையும் இரு வீடுகளுக்கும் தொடர்ச்சியாக அமையுங்கள். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தின் ஓட்டு விளிம்பு எந்த உயரத்தில் முடிகிறதோ, அதே உயரத்தில் உங்களுடையது தொடங்க வேண்டும்; தூண்களை 6 அடிக்கு ஒன்றாக வைத்தால் 36 அடியில் ஆறு கட்டங்கள், வீட்டுக்கு மூன்று. கார்னிஸ் கோட்டையும் கைப்பிடிச் சுவரின் மட்டத்தையும் பக்கத்து வீடுகளோடு சேர்த்துவிட்டால், நடுவில் உள்ளவை புதியவை என்று தெரிந்தாலும் வரிசை அறுபடாது. சன்னல்கள் அகலத்தைவிட உயரம் அதிகமாக, சுவரின் நிறைவான பரப்பைக் குலைக்காமல் இருக்கட்டும். ஃபைபரில் வார்த்த பூவேலைகளையும், சிமென்டில் செய்த போலிக் காரைக்குடித் தூண்களையும் ஒட்டுவது பழைய வீதிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அளவுகள் சரியாக இருந்தால் எளிய மரத்தூணும் சுண்ணாம்புப் பூச்சுமே அழகாக இருக்கும்.

கார் வண்டியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசைதான் இந்த வீதிகளின் திண்ணைகளை அதிகமாக அழித்திருக்கிறது. 18 அடி முகப்பில் 9 அடி கேட் வைத்தால் திண்ணையும் போகும், முன்னறையும் போகும். விதி அனுமதிக்குமானால் இரு சக்கர வண்டிக்கான சரிவுப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார் நிறுத்தம் கட்டாயம் என்றால், இரு வீட்டுக்கும் நடுவே ஒரே வாயிலாகப் பொதுவில் வைத்து, மற்ற நான்கரைக் கட்டங்களையாவது காப்பாற்றுங்கள்.

மழைநீர்

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 18க்கு 110 அடி மனையின் மேல் அவ்வளவு மழை விழுந்தால் 82,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். வரிசை வீட்டில் அதற்கு வெளியேறப் பக்கவாட்டு வழி இல்லை. முன்னே வீதிக்கும் பின்னே கொல்லைக்கும் மட்டுமே போகலாம். ஆகவே நடு மேட்டைச் சமையலறைக்கு மேலே வைத்து, மொட்டைமாடித் தண்ணீரை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை வீதிப் பக்கமும் பின்பாதியைக் கொல்லைப் பக்கமும் விடுங்கள்.

சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்ந்துகொண்டே வந்திருப்பதால் பழைய வீடுகள் பல வீதிமட்டத்துக்குக் கீழே போய்விட்டன. உங்கள் பேஸ்மட்டத்தை வீதியிலிருந்து இரண்டரை அடி உயர்த்துங்கள். முற்றத்தின் தரை வீட்டுத் தரையைவிட ஓரடி தாழ்ந்தும் வீதியைவிட ஒன்றரை அடி உயர்ந்தும் இருக்கட்டும். முற்றத்திலிருந்து வீதிக்குள்ள 33 அடி தூரத்துக்கு 4 அங்குலச் சரிவில் 6 அங்குலக் குழாய்கள் இரண்டு. ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றது வேலைசெய்யும். வீதி வாய்க்காலில் சேரும் இடத்தில் ஒருவழி வால்வு அவசியம். இல்லாவிட்டால் வீதி வெள்ளம் குழாய் வழியே முற்றத்துக்குள் ஏறிவரும். குழாய் திரும்பும் இடங்களில் திறந்து பார்க்கும் தொட்டிகளை அறைக்குள் வைக்காமல் முற்றத்திலும் திண்ணை ஓரத்திலும் வையுங்கள். கழிவறைகள், சமையலறை ஆகியவற்றின் குழாய்கள் எல்லாம் பின் முற்றத்தை ஒட்டி ஒரே நேர்கோட்டில் இறங்கட்டும். மழைநீர் சேகரிப்புக் கிணற்றைக் கொல்லையின் நடுவில், பக்கத்துச் சுவர்களிலிருந்து விலக்கி அமைக்க வேண்டும். கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறிவருவதால் இந்தக் கிணறு வெறும் விதிக்காகச் செய்யும் சடங்காக இருக்கக் கூடாது.

பொருள்களும் வேலை வரிசையும்

கடற்காற்று கம்பியைத் தின்னும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை 456, கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்ட கான்கிரீட்டுக்கு எம்30 தரமும் கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம் (கவர்) 45 மி.மீ. இருப்பதும் வேண்டும் என்கிறது. கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதை ஆய்வகத்தில் சோதித்த பிறகே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பழைய சுவர் எங்காவது உங்கள் பக்கம் வெளிப்பட்டு நின்றால் அதில் சிமென்ட் பூச வேண்டாம். உள்ளே உள்ள ஈரம் வெளியேற முடியாமல் உப்புப் பூத்துச் செங்கல்லே பொடிந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்கு ஏற்றது. அதைச் செய்யத் தெரிந்த கொத்தனாரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு.

பொருள் உள்ளே வர ஒரே வழி முன்பக்கம்தான். அதனால் பின்னறையையும் பின் முற்றத்தையும் முதலில் கட்டி, முன்னோக்கி வர வேண்டும். திண்ணையும் தாழ்வாரமும் கடைசி. மணலும் ஜல்லியும் வீதியில் குவியாமல், முன்னறை வரும் இடமே வேலை முடியும் வரை கிடங்காக இருக்கட்டும். இரண்டு வீடுகளின் அஸ்திவாரத்தையும் ஒரே பருவத்தில் போட்டுவிடுங்கள். ஒருவர் இப்போது கட்டி மற்றவர் பிறகு கட்டுவதென்றால், இரண்டாமவரின் ஓர பூட்டிங்கையாவது முதலாமவரின் வேலையோடு சேர்த்தே முடித்து, தூண் கம்பிகளை கான்கிரீட்டால் மூடிவைத்து, அவற்றின் இடங்களை அளவோடு வரைபடத்தில் குறித்து இரு குடும்பத்தாரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்க வேண்டும்.